நிலம் அறிந்து மலர் நடுதல்

நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுகிறோம். கோட்டையிலும் கோபுரத்திலும் தேடுகிறோம். நம் வீட்டு முற்றத்தில் பூத்து நிற்கும் செடிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மன்னர்கள் மறைந்தனர், கப்பல்கள் கரை சேர்ந்து பின் திரும்பின, வாணிகக் கழகங்கள் தோன்றி மறைந்தன. ஆனால் அவர்கள் நட்ட செடிகளும், அவர்கள் கப்பலில் வந்த விதைகளும் இன்றும் நம் கண்முன்னே வளர்ந்து நிற்கின்றன.

மாணவர்களே, புதிய பள்ளிக்கூடம் ஒன்று எழும்பும்போதோ, புதிய வீடு ஒன்று கட்டி முடிக்கும்போதோ, 'இங்கே ஒரு பூந்தோட்டம் அமைக்க வேண்டும்' என்ற ஆசை எல்லார்க்கும் இயல்பாக எழுகிறது. உடனே நாற்றுப் பண்ணைக்குச் செல்கிறோம். எது பளிச்சென்று பூத்திருக்கிறதோ அதனை வாங்கி வந்து நடுகிறோம். நிறம் ஒன்றையே பார்த்துச் செடியைத் தேர்வது, அட்டையின் அழகை மட்டும் பார்த்து நூல் வாங்குவதைப் போன்றது. ஒரு செடியை நடுமுன் நான்கு வினாக்கள் கேட்க வேண்டும். இச்செடி எந்த நிலத்திற்கு உரியது? அதனை இங்கே கொண்டு வந்தவர் யார்? எதற்காகக் கொண்டு வந்தார்? வந்தபின் இந்த மண்ணில் அது என்ன செய்தது? இந்நான்கு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடைகளை இன்று காண்போம்.

முதலில் பழந்தமிழர் காலத்திற்குச் செல்வோம். நிலங்களுக்கு அவர்கள் பெயரிட்ட முறை வியப்புக்குரியது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நீரற்று வறண்ட இடம் பாலை. இவை ஐந்தும் செடி கொடி மரங்களின் பெயர்களே என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் மருத மரம் ஓங்கி நிற்கும். கழியிலும் நீர்நிலையிலும் நெய்தல் மலரும். காட்டில் முல்லைக்கொடி படரும். எந்த நிலத்தில் எது தானே வளர்கிறதோ, அதுவே அந்நிலத்தின் அடையாளம் என்று நம் முன்னோர் கண்டனர். தோட்டக் கலையின் முதற் பாடம் இதுவே எனலாம்.

நிலத்திற்கு மட்டுமன்றி, மக்களின் செயலுக்கும் மலரே அடையாளமாயிற்று. ஆநிரை கவரச் செல்வோர் வெட்சி சூடினர். மீட்கச் செல்வோர் கரந்தை சூடினர். மதிலைக் காப்போர் நொச்சி சூடினர். எதிர்நின்று பொருவோர் தும்பை சூடினர். வென்றோர் வாகை சூடினர். சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என மூவேந்தர்க்கும் தனித்தனி மலர்கள் இருந்தன. இம்மலர்களில் எதுவும் கிடைத்தற்கு அரியதன்று என்பதை நோக்குங்கள். பனையும் வேம்பும் ஏழையின் குடிசைக்கு அருகிலும் நிற்பவை. முடியுடை மன்னர் அவற்றைச் சூடியது, தம் நாட்டு மண்ணையே தலைமேற் கொண்டது போலாகும்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிச் செல்கிறார். அவற்றுள் சில பெயர்கள் எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்று கருத்து வேறுபாடு உண்டு. செடி கண்ணிலிருந்து மறைந்தால், அதன் பெயரும் நாவிலிருந்து மறைகிறது. பிறகு நூலில் அச்சொல் வெறும் ஓசையாக நிற்கிறது. அன்று வீரர் சூடிய வெட்சியை இன்று 'இட்லிப்பூ' என்று அழைக்கிறோம். தும்பையோ பாதையோரத்துக் களையாகிவிட்டது. தோட்டத்தைத் துப்புரவு செய்வோர் முதலில் பிடுங்கி எறிவது அதனைத்தான்.

சங்க காலத்திற்குப் பின் கோயில்கள் பெருகின. ஊர்தோறும் கோயிலுக்குரிய தலமரம் ஒன்று போற்றப்பட்டது. மதுரைக்குக் கடம்பு, மயிலாப்பூருக்குப் புன்னை, திருவண்ணாமலைக்கு மகிழம், திருவானைக்காவுக்கு வெண்ணாவல், திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி, குற்றாலத்திற்குப் பலா என்று இப்பட்டியல் நீளும். இத்தலமரங்களை வரலாற்று மாணவன் சான்றாகவும் கொள்ளலாம். தில்லை என்னும் பெயரே சிதம்பரத்திற்கு ஒரு மரத்தால் வந்தது. தில்லை மரம் உவர்நீர்க் கழிகளின் ஓரத்தில் வளர்வது. இன்றும் சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் அதனைக் காணலாம். மயிலாப்பூர்ப் புன்னையும் அவ்வாறே கடற்கரைக்கு உரிய மரம். ஊரின் நிலம் எத்தகையது என்பதைத் தலமரம் எடுத்துரைக்கிறது.

கோயிலைச் சார்ந்து நந்தவனங்களும் தோன்றின. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் திருநந்தவனத்திற்காக நிலம் விடப்பட்ட செய்தியும், அதனைப் பேணுவோர்க்கும் மாலை கட்டுவோர்க்கும் வாழ்வூதியம் அளிக்கப்பட்ட செய்தியும் காணப்படுகின்றன. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துத் திருமாலுக்கு மாலை தொடுத்தார். திருப்புகலூரில் முருக நாயனார் மலர் பறித்து மாலை கட்டுவதையே தொண்டாகக் கொண்டார். துளசி, மல்லிகை, முல்லை, நந்தியாவட்டை, அலரி, வில்வம் முதலியன இத்தோட்டங்களில் பேணப்பட்டன. நம் நாட்டில் பூந்தோட்டம் என்பது நெடுங்காலமாக மன்னர் அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அது ஊர்ப் பொதுவாகவும் இருந்தது.

இனி மூன்றாவது காலத்திற்கு வருவோம். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். 1498இல் வாஸ்கோ டா காமா கோழிக்கோட்டில் இறங்கினார். இவ்விரு பயணங்களும் உலகத்துச் செடிகளையே இடம் மாற்றின. போர்த்துக்கீசியரின் கப்பல்கள் பிரேசிலையும் இந்தியாவையும் இணைத்தன. மிளகாய், முந்திரி, பப்பாளி, கொய்யா, சீதா ஆகியவை அமெரிக்காவிலிருந்து நம் நாட்டிற்கு வந்தன. மலர்களும் உடன் வந்தன. இன்று மணமேடையையும் கோயிலையும் அணி செய்யும் செண்டுமல்லி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. அந்திமந்தாரையும் கல்வாழையும் அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்தவை. ஈழத்தலரி என்று நாம் அழைக்கும் மரமும் நடு அமெரிக்கப் பகுதியையே தாயகமாகக் கொண்டது. பெயரில் 'ஈழம்' இருப்பதால், அது ஈழத்தின் வழியே வந்ததாக நம்மவர் கருதினர் போலும்.

பெயர்கள் சில வேளை வழிகாட்டும்; சில வேளை ஏமாற்றும். 'சீமை' என்ற அடைமொழி இருந்தால், அது கடல் கடந்து வந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சீமைக்கருவேலம், சீமை அகத்தி என்பன அத்தகையவை. ஆனால் 'நித்தியகல்யாணி' என்னும் பெயரைக் கேட்பவர், அது தொன்றுதொட்டு நம் கோயிலில் பூத்த மலர் என்றே எண்ணுவர். அது ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவின் செடியாகும்.

இக்காலத்து வரவுகளுள் காகிதப்பூவின் கதை சுவையானது. பூகேன்வில் என்னும் பிரெஞ்சு மாலுமி 1766இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடன் கொம்மெர்சோன் என்ற தாவர அறிஞரும் சென்றார். 1767இல் கப்பல்கள் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் தங்கியபோது, இச்செடியைச் சேகரித்துத் தம் தலைவரின் பெயரை அதற்கு இட்டனர். கொம்மெர்சோனுக்கு உதவியாளராகச் சென்றவர் ஆண் உடை தரித்த ஒரு பெண்மணி. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அன்றைய விதி. ழான் பாரே என்னும் அப்பெண்மணியே உலகைச் சுற்றி வந்த முதற் பெண் என்று இன்று போற்றப்படுகிறார். காகிதப்பூவில் நாம் 'இதழ்' என்று கருதும் வண்ணப் பகுதி உண்மையில் இதழன்று, பூவடிச் செதிலாகும். உண்மைப் பூ நடுவே சிறிதாக, வெண்மையாக இருப்பதைப் பிரித்துப் பாருங்கள்.

வெளிநாட்டார் செடிகளைக் கொண்டு வந்ததோடு, நம் செடிகளை ஆராயவும் செய்தனர். கொச்சியில் ஆட்சி புரிந்த வான் ரீட் என்ற டச்சு அதிகாரி, இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் முதலியோரின் துணையோடு, மலையாளக் கரைத் தாவரங்களைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். அது 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. நம் தரங்கம்பாடியிலும் கோனிக், ராட்லர் முதலிய ஐரோப்பியர் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்தனர். இவருள் ராட்லர் தமிழகராதி தொகுத்தவருமாவார். கல்கத்தாவில் 1787இல் தாவரவியல் தோட்டம் நிறுவப்பட்டது. உதகமண்டலத் தோட்டம் 1848ஐ ஒட்டி உருப்பெற்றது. செடிகளை இறக்குமதி செய்வது அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது.

அக்கொள்கையால் விளைந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சப்பாத்திக்கள்ளியை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்கக் கண்டத்துக் கள்ளியாகிய அதன்மீது கொச்சினீல் என்னும் சிறு பூச்சி வாழும். அப்பூச்சியிலிருந்து எடுக்கும் செஞ்சாயம் 18ஆம் நூற்றாண்டில் மிகுந்த விலை பெற்றது. மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியரே அவ்வாணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். அதனைத் தாமும் செய்ய எண்ணிய கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் நாட்டில் கள்ளியை வளர்க்க முற்பட்டனர். கம்பெனியின் மருத்துவராகிய ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னைச் சைதாப்பேட்டையில் இதற்கென ஒரு கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று, தாழ்ந்த காட்டினமே. சாய வாணிகம் தோற்றது.

வாணிகம் தோற்றாலும் செடி தோற்கவில்லை. உழவர்கள் கள்ளியை வேலியாக வைத்தனர். வேலி வயலை உண்டது, மேய்ச்சல் நிலத்தை உண்டது, ஊர்ப்பாதையை மறைத்தது. 1830களில், முன்னர் வந்த அதே பூச்சியைத் தென்னாட்டுக் கள்ளிக் காடுகளில் விட்டபோது, கள்ளியில் ஓர் இனம் பெரிதும் அழிந்தது. மற்றோர் இனத்தை அப்பூச்சி தீண்டவில்லை. அது மேலும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் பரவிக்கொண்டே சென்றது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி கொண்டு வரப்பட்ட பின்னரே அதுவும் அடங்கியது. ஒரு செடிக்கு அதன் தாயகத்தில் பகையும் உண்டு, உறவும் உண்டு. பகையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பெயர்த்துக் கொண்டு வந்தால், அது தடையின்றிப் பெருகும். இயற்கையின் துலாக்கோல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இப்பாடத்தை நாம் விரைவில் கற்றுக்கொண்டோமா என்றால், இல்லை. உண்ணிச்செடி என்னும் அமெரிக்கச் செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாத் தோட்டத்திற்கு வந்தது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று, விதையைக் காடெங்கும் பரப்பின. இன்று முதுமலை முதலிய காடுகளில் அது புதராய் மண்டி, மான்களும் யானைகளும் மேயும் புல்லை வளரவொட்டாமல் தடுக்கிறது. நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்கள் அதன் தண்டை வெட்டி, நாற்காலிகளும் யானை உருவங்களும் செய்து, தீமையிலிருந்தும் ஒரு பயனைப் பெறுகின்றனர். ஆகாயத்தாமரையும் அழகிய நீலப்பூவுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. வங்காளத்தின் நீர்வழிகளை அது அடைத்துவிட்டமையால், 1936இல் அதனை ஒழிப்பதற்கென்றே அங்கு ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. சீமைக்கருவேலம் விறகுக்காக 1870களில் சென்னை மாகாணத்திற்கு வந்தது. இன்று இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் கண்மாய்களையும் அது விட்டுவைக்கவில்லை. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தோட்டத்தில் நட்டது, இன்று ஒரு நாட்டின் சுமையாகிவிட்டது.

இவற்றைக் கேட்டு, 'அயல்நாட்டுச் செடி அனைத்தும் தீயன' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மிளகாய் இல்லாத நம் சமையலை இன்று எண்ணிப் பார்க்க இயலுமா? நித்தியகல்யாணியிலிருந்து 1950களில் கனடா நாட்டு ஆய்வாளர் பிரித்தெடுத்த ஒரு பொருளும், பின்னர் அச்செடியிலேயே கண்டறியப்பட்ட மற்றொரு பொருளும் புற்றுநோய்க்கு மருந்தாயின. அவற்றுள் ஒன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க இன்றும் பயன்படுகிறது. செண்டுமல்லியின் வேர், பயிரைக் கெடுக்கும் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்துகிறது. விருந்தினர் வருவது வீட்டிற்கு அழகே. வந்தவர் வீட்டாரை வெளியேற்றுவது மட்டுமே தீது. கட்டுக்குள் நிற்கும் செடியா, வேலி தாண்டிப் பரவும் செடியா என்று ஆராய்ந்து அறிவதே அறிவுடைமை.

இனி, புதிய தோட்டம் அமைக்க விரும்பும் உங்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, நிலத்தைக் கேளுங்கள். கடற்கரை மணலாயின் புன்னை, பூவரசு, தாழை ஆகியவை உப்புக்காற்றைத் தாங்கி வளரும். நீர்வளம் மிக்க வயற்பகுதியாயின் மருதம், கடம்பு, புங்கம், மகிழம் ஓங்கி வளரும். வறண்ட செம்மண்ணாயின் ஆவாரையும் சரக்கொன்றையும் குறைந்த நீரில் பொன்னாய்ப் பூக்கும். நொச்சியும் ஆடாதோடையும் உயிர்வேலியாகும். சிறிய முற்றமாயின் மல்லிகை, முல்லை, நந்தியாவட்டை, வெட்சி, பவழமல்லி, கனகாம்பரம், சங்குப்பூ, துளசி போதும். நம் நாட்டுச் செடியாயினும் எல்லா நிலத்திற்கும் ஏற்றதன்று என்பதையும் மறவாதீர்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006இலும் 2018இலும் மலைகளை நீலமாக்கியது. அதனைச் சமவெளிக்குக் கொண்டு வந்து தொட்டியில் வைத்தால் வாடும். குறிஞ்சி மலைக்கே உரியது.

இரண்டாவது, காற்றையும் நிழலையும் எண்ணுங்கள். நிழலுக்காக விரைந்து வளரும் மரங்களை நாடுவது வழக்கம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. அவற்றுள் குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற அயல்நாட்டு மரங்கள் மிகுதியாக இருந்தன. மெல்ல வளரும் மரம் தாத்தாவுக்கு நிழல் தராது, பேரனுக்குத் தரும்.

மூன்றாவது, தோட்டத்திற்கு வரும் விருந்தினரை எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவிலும் தேன் உண்ணும். ஆனால் எந்த இலையிலும் முட்டையிடாது. எருக்கில் ஒருவகை, கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் ஒருவகை, சரக்கொன்றையில் ஒருவகை, ஆடுதீண்டாப்பாளையில் ஒருவகை என்று ஒவ்வொன்றும் தன் புழுவுக்குரிய இலையைத் தேடிச் செல்கிறது. அந்த இலை இல்லாத ஊரில் அந்த வண்ணத்துப்பூச்சியும் இல்லை. புழு தின்ற இலையைக் கண்டு மருந்து தெளிக்க ஓடாதீர்கள்; அது சிறகு முளைக்கும் நாள்வரை பொறுத்திருங்கள்.

நான்காவது, தீங்கையும் அறிந்து நடுங்கள். நம் மாநில மலராகிய செங்காந்தள் அழகிற் சிறந்தது. அதன் கிழங்கோ கொடிய நஞ்சு. அலரியும், மஞ்சள் அரளியின் விதையும் அத்தகையவை. சிறுவர் விளையாடும் இடத்தில் இவற்றை நடுதல் ஆகாது.

ஐந்தாவது, ஒரு பதிவேடு எழுதுங்கள். செடியின் பெயர், ஊரார் வழங்கும் வேறு பெயர், தாயகம், நட்ட நாள், முதற் பூப் பூத்த நாள், அதனை நாடி வரும் பறவை, பூச்சி ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். பெயர் தெரியாத செடியைப் பிடுங்குவதற்கு முன், ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். நூலில் மட்டும் வாழும் ஒரு சொல்லுக்கு அவர் விரல் நீட்டிப் பொருள் காட்டுவார். பள்ளியை விட்டு நீங்கள் சென்ற பின்னும் அப்பதிவேடு அடுத்துவரும் மாணவர் கையில் இருக்கட்டும்.

ஆண்டர்சன் தீய எண்ணத்தோடு கள்ளியை நடவில்லை. கல்கத்தாவில் உண்ணிச்செடியை நட்டவரும் அவ்வாறே. அவர்கள் அறிந்தது குறைவு. அதனால் விளைந்தது பெரிது. அவர்களுக்கு இல்லாத வாய்ப்பு நமக்கு இருக்கிறது. இருநூறு ஆண்டு அனுபவம் நம் கண்முன் நிற்கிறது. நிலத்தின் இயல்பைச் செடியால் அறிந்த பழைய அறிவும், செடியின் வழியை ஆராய்ந்து காட்டும் புதிய அறிவும் இன்று ஒருங்கே நம் கையில் இருக்கின்றன. இரண்டையும் கொண்டு உங்கள் தோட்டத்தைத் தொடங்குங்கள். பள்ளி வாயிலில் ஒரு புன்னையோ கொன்றையோ, வேலியில் நொச்சி, முற்றத்தில் முல்லை, மூலையில் பிடுங்காமல் விட்ட ஒரு தும்பை. இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும்.